குழாயை எண்ணியது போதும், குளோரின் நோட்டைக் காட்டுங்கள்!



வடகரை என்று சொன்னதும் வெளியூர்க்காரருக்கு என்ன ஞாபகம் வரும்? மேற்கே மலை. மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை. அனுமன் நதி. தென்னந்தோப்பு, ராத்திரியில் தோப்புக்குள் இறங்கும் யானை. கொஞ்சம் தெற்கே போனால் குற்றாலம். "மலையடிவாரத்துல இருக்கீங்க, உங்களுக்கு என்னய்யா தண்ணிக் கஷ்டம்?" என்று கேட்காத விருந்தாளி கிடையாது.

விருந்தாளி கேட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அதே கேள்வியை அதிகாரியும் கேட்கிறார், ஆளும்கட்சிக்காரரும் கேட்கிறார். குழாய் போட்டாச்சுல்ல? தண்ணி வருதுல்ல? அப்புறம் என்ன?

அப்புறம் என்ன என்பதைத்தான் பேசப் போறோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆனா முழுசாப் படிங்க, வீட்டுல அம்மாவுக்கும் ஆச்சிக்கும் படிச்சுக் காட்டுங்க. ஏன்னா இது தலைநகரத்துல போடுற கையெழுத்துல ஆரம்பிச்சு உங்க வீட்டு மோட்டார் ஸ்விட்ச் வரைக்கும் வர்ற விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தது. 2024க்குள் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் குழாய் என்றார்கள். 2024 வந்தது, போனது. 2025 பட்ஜெட்டில் கெடுவை 2028க்குத் தள்ளிவிட்டார்கள். தமிழ்நாட்டில் கிராமப்புற வீடுகள் சுமார் 1.25 கோடி. திட்டம் தொடங்கியபோது 22 லட்சம் வீட்டில்கூடக் குழாய் கிடையாது. இன்று அந்த எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருக்கிறது. இதைச் சின்ன வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம், நாமும் சொல்லவில்லை. தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்த பெண்களுக்கு வாசலில் குழாய் வந்தது பெரிய காரியம்தான். அதற்கு ஒன்றிய அரசு ஒரு பக்கம் பேனர் வைக்கிறது, மாநில அரசு இன்னொரு பக்கம் பேனர் வைக்கிறது. வைக்கட்டும்.

ஆனால் அந்தத் திட்டத்தின் விதியிலேயே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? குழாய் இருந்தால் மட்டும் அது கணக்கில் சேராது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வர வேண்டும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரத்தில் இருக்க வேண்டும். தவறாமல், தொடர்ந்து வர வேண்டும். ஐ.எஸ். 10500 என்ன சொல்கிறது? 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடு 1.5ஐத் தாண்டவே கூடாது. கிருமியைக் கொல்லக் குளோரின் போட்டிருந்தால், கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

இதில் எதையாவது பேனரில் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை குழாய் என்று இருக்கும். அந்தக் குழாயில் போன மாதம் குளோரின் எவ்வளவு இருந்தது என்று இருக்காது.

வடகரைக்கு இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வடகரை கீழ்ப்பிடாகை ஒரு பேரூராட்சி. பேரூராட்சி என்றால் அரசாங்கக் கணக்கில் நகர்ப்புறம். ஜல் ஜீவன் கிராமத்துக்கு. 2021 அக்டோபரில் வந்த அம்ருத் 2.0 நகரத்துக்கு. வயலும் அதேதான், வாறுகாலும் அதேதான், ஆனால் ஃபைல் வேற, ஆபீஸ் வேற. பக்கத்து ஊராட்சிக்காரர் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். பேரூராட்சிக்காரருக்குக் கிராம சபையே கிடையாது. சின்ன ஊருக்குள்ள சங்கடமும் நமக்கு, நகரம்ங்கிற பேரும் நமக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் நாள்விட்டு நாள் வருகிறது, சில ஊரில் நாலு நாளைக்கு ஒருமுறை, சில ஊரில் வாரம் ஒருமுறை. இதை நாம் எல்லோரும் வெறும் பற்றாக்குறை என்று நினைக்கிறோம். "கொஞ்சமா வருது, பிடிச்சு வச்சுக்கிடுவோம்" என்று பழகிவிட்டோம். இல்லை தோழர்களே. தண்ணீர் விட்டுவிட்டு வருவதே தண்ணீரைக் கெடுக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றால், பைப்பில் ஓட்டை இருந்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீர்தான் வெளியே கசியும். வெளியில் இருப்பது உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தியதும் பைப் காலியாகிறது. அந்தப் பைப் எங்கே கிடக்கிறது? தெருவில் வாறுகாலுக்கு அடியில், வாறுகாலை ஒட்டி, சில இடத்தில் வாறுகாலுக்கு உள்ளேயே. அழுத்தம் இல்லாத நேரத்தில் அதே ஓட்டை வழியாக வாறுகால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அடுத்த நாள் வால்வைத் திறக்கிறார்கள். முதலில் வருவது என்ன? கலங்கல். "கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடி" என்று ஆச்சி சொல்வது அனுபவம். ஆனால் கலங்கல் தெளிந்தால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்தது மோட்டார். "ஏ மைனி, தண்ணி வந்துட்டா?" "உங்க வீட்டுல வருதா? இங்க சொட்டு சொட்டாத்தான் வருது." உடனே என்ன செய்வோம்? குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவோம். ஒருத்தர் போட்டால் பக்கத்து வீட்டுக்கு வராது, அவரும் போடுவார், தெருவே போடும். மோட்டார் உறிஞ்சுகிறபோது பைப்புக்குள் அழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறைந்துபோகிறது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரிதான். பைப்பில் எங்கெல்லாம் ஓட்டை, எங்கெல்லாம் லூசான ஜாயின்ட், அங்கெல்லாம் வெளியில் இருக்கிற சாக்கடை உள்ளே இழுபடுகிறது. உங்க காசுல, உங்க கரண்டுல, உங்க வீட்டு டேங்குக்கே.

பேரூராட்சி, நகராட்சி எல்லாம் அவ்வப்போது என்ன செய்யும்? "மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும். சில நாள் ரெய்டு வரும், நாலு மோட்டாரைத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசி வீட்டுக்கும் அழுத்தத்தோடு தண்ணீர் போனால் எவன் சாமி மோட்டார் வாங்கி வைக்கப் போறான்? கடைசி வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டு எந்த அதிகாரி வீட்டுக்கு ரெய்டு போனது?

அந்த மோட்டார் இன்னொரு வேலையும் செய்கிறது. குழாய்க்குப் பக்கத்தில், ஈரத் தரையில், ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில், டேப் சுத்தின ஜாயின்ட்டில் ஓடுகிறது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாததால், அதிகாலை இருட்டில் தூக்கக் கலக்கத்தில் ஈரக் கையோடு ஸ்விட்சைத் தட்டுகிறோம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டை வெட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி இருக்கிறது. உங்க வீட்டு மெயின் போர்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மோட்டாருக்கு எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கட்சிப் பக்கத்தில் வயரிங் பாடமா என்று சிரிக்க வேண்டாம். தண்ணீர் வருகிற நேரத்தை ஒழுங்காகச் சொல்லாத நிர்வாகம்தான் அந்த ஈரக் கையை ஸ்விட்ச் பக்கம் தள்ளுகிறது.

இனி டிரம்முக்கு வருவோம். இது நம்ம ஏரியாவின் சொந்தக் கதை. 2012 ஞாபகம் இருக்கிறதா? கடையநல்லூர். வடகரையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடும் ஊர். அந்த வருடம் டெங்கு அங்கேதான் வெடித்தது. தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, திருநெல்வேலியோடு இருந்தது. அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாடு முழுக்க அரசுக் கணக்கிலேயே 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் சாவு. அந்தக் கணக்கு ஏட்டில் ஏறியது மட்டும்தான்.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை போடாது. நல்ல தண்ணீரில்தான் போடும். வீட்டு டிரம், சிமெண்ட் தொட்டி, மூடாத சிண்டெக்ஸ். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தொட்டியின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் காலி செய்தால்கூட அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இப்போ சொல்லுங்க, தண்ணீர் வாரம் ஒருமுறை வருகிற தெருவில் ஒரு வீட்டில் எத்தனை டிரம் நிற்கும்? எத்தனை நாள் நிற்கும்? கொசுவின் கணக்கும் நம் வால்வு திறக்கிற கணக்கும் எப்படிப் பொருந்துகிறது பார்த்தீர்களா.

ஆனால் அரசாங்கம் என்ன செய்தது? புகை அடித்தது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தது. அப்புறம் "டிரம்மைத் திறந்து வைத்தால் அபராதம்" என்று வீட்டுக்காரரைப் பிடித்தது. டிரம் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டது. ஏன் வைக்க வேண்டியிருக்கிறது என்று தன்னையே ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று ஆண்டவர்களும் அப்படித்தான், அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். டிரம்முக்கு மூடி போடுங்க, வாரம் ஒருநாள் காலி பண்ணி, உள்சுவரைத் தேங்காய் நார் வச்சு நல்லாத் தேயுங்க. அது நம்ம பங்கு. தண்ணீரை ஒழுங்கா விடுறது அவங்க பங்கு.

சம்ப் விஷயமும் இதே கதைதான். தண்ணீர் வராத நாளுக்காக வாசலில் தரைக்கு அடியில் தொட்டி கட்டுகிறோம். இரும்பு மூடி துருப்பிடிக்கிறது, பலகையைப் போட்டு மூடுகிறோம், பலகை உளுத்துப்போகிறது. நடக்கப் பழகுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை. பூட்டுங்கள். சம்பைக் கழுவ உள்ளே இறங்குகிறவரைத் தனியாக இறங்க விடாதீர்கள். ரொம்ப நாள் மூடிக் கிடந்த தொட்டியில் காற்று இருக்காது. சம்புக்கும் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்குக்கும் நடுவில் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். கிணறு, போர் இருந்தால் உறிஞ்சுகுழியிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மூன்று சென்ட் மனையில் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். முடியாதுதான். அதனால்தான் பாதாளச் சாக்கடையும் ஊர்க் குடிநீரும் அரசாங்கம் செய்து தர வேண்டிய வேலை.

கைவிட்ட போர்வெல் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஏப்ரலில் நம்ம சங்கரன்கோவில் பக்கத்துக் குத்தாலப்பேரியில் போரில் விழுந்த 3 வயதுப் பிள்ளையை, மதுரையிலிருந்து வந்த குழு ஒரு ரோபோவை இறக்கி உயிரோடு தூக்கியது. ஊரே கும்பிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நான்கு நாள் நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கைவிட்ட போரை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2010இல். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கான விதி வந்தது 2015இல். சட்டம் இருந்தது, மூடி இல்லை.

இப்போது நோட்டு விஷயம். பதிவின் தலைப்பே அதுதான்.

ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் தினமும் குளோரின் கலக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது நம்ம ஊரில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. வாயைத் திறந்து மூலையில் கிடக்கிற மூட்டையில் அந்தக் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். மழைக்காலத்தில் ஆறு கலங்கி வரும்போது அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. சாரல் காலத்திலும் ஐப்பசி அடைமழையிலும் நமக்குத்தான் ஆபத்து கூடுதல். "மலைத் தண்ணி சுத்தம்" என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அருவிக்கரையில் குளிப்பவர் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போடக் கூடாது என்று தடை இருக்கிறது, நல்லது. அதே தண்ணீர் சிற்றாறாகக் கீழே இறங்கி ஊர்களைத் தாண்டும்போது அதில் விழுகிற சாக்கடைக்கு யார் தடை போட்டது?

குளோரின் போட்டாச்சா என்று பார்ப்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. குளோரோஸ்கோப் என்று சின்னப் பெட்டி. குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்து எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு நிமிட வேலை. நம் ஊர்களில் அந்த நோட்டை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

நோட்டை நம்பி ஏமாந்த ஒரு ஊர்க் கதை சொல்கிறோம். கனடா நாட்டில் வாக்கர்டன். சுமார் 5,000 பேர் வாழ்கிற விவசாய ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணம் மழையில் கரைந்து ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. அதில் கொடிய வகை ஈ.கோலி. குளோரின் ஒழுங்காகப் போயிருந்தால் கிருமி செத்திருக்கும். போகவில்லை. ஆனால் நோட்டில் மட்டும் தினமும் 0.5, 0.75 என்று அழகாக எழுதியிருந்தது. சோதிக்காமலே எழுதியது! ஆய்வகம் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடித்து, குடிநீர் நிர்வாகத்துக்கு மட்டும் சொன்னது. நிர்வாகம் அதை மறைத்து, "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சுகாதார அதிகாரிகளிடம் சொன்னது. 7 பேர் செத்தார்கள். சுமார் 2,300 பேர் படுத்தார்கள். பணக்கார நாட்டில், பைப்பும் பம்பும் எல்லாம் இருந்த ஊரில்.

அதற்குப் பிறகு அங்கே நீதிபதி விசாரணை நடந்தது. நோட்டில் பொய் எழுதியவர்களோடு நிறுத்தவில்லை. சுற்றுச்சூழல் துறையின் பட்ஜெட்டை வெட்டிக் கண்காணிப்பைப் பலவீனமாக்கிய மாகாண அரசுக்கும் பங்கு உண்டு என்று அறிக்கை சொன்னது. 2002இல் சட்டம் கொண்டுவந்தார்கள். தண்ணீர் கெட்டது என்று ஆய்வகத்துக்குத் தெரிந்த உடனே சுகாதார அதிகாரிக்கும் நேரடியாகச் சொல்லியாக வேண்டும், குடிநீர் நிர்வாகத்தின் வழியாகப் போகக் கூடாது. ரொம்ப எளிய விஷயம்தான். தப்புச் செய்தவன் கையிலேயே புகார்ப் பெட்டியைக் கொடுக்காதே, அவ்வளவுதான்.

நம்ம ஊரில் என்ன நடக்கிறது? 2022 டிசம்பரில் வேங்கைவயல். பட்டியல் சமூக மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம். அது எப்போது தெரிந்தது? குழந்தைகள் வாந்தி எடுத்துப் படுத்து, மருத்துவர் தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்ன பிறகு. சாதி அந்தக் கொடுமையின் வேர். அதைப் பேசாமல் யாரும் தாண்டிப் போக முடியாது. அதோடு இதையும் கேட்க வேண்டும்: அந்தத் தொட்டியின் மூடிக்குப் பூட்டு இருந்ததா? தண்ணீரை யாராவது தினமும் சோதித்தார்களா? 2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் வாந்தி, வயிற்றுப்போக்கோடு முப்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிர்களும் போயின. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். மாதிரி ஆய்வுக்குப் போன நிலையிலேயே, குடிநீர் காரணமில்லை என்று அரசுத் தரப்பு முந்திக்கொண்டு சொன்னது. 2025 ஜூனில் நம்ம தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கேயும் ஆட்கள் படுத்து, சிலர் இறந்த பிறகுதான் சாப்பாட்டையும் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்தார்கள். ஆள் சாய்ந்த பிறகுதான் நம் நாட்டில் தண்ணீருக்குப் பரிசோதனை.

விதி என்ன சொல்கிறது? கிராமக் குடிநீர் ஆதாரத்தில் கிருமிச் சோதனை வருடத்துக்கு இரண்டு முறை, ரசாயனச் சோதனை ஒரு முறை. ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி. அந்த ஐந்து பேர் உங்க ஊரில் யார்? அந்தப் பெட்டி யார் வீட்டுப் பரணில் இருக்கிறது? தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும். பல தொட்டியில் அந்தத் தேதி போன வருடத்துப் பெயிண்ட்.

இதைச் சொன்னால் டேங்க் ஆபரேட்டர் மீது பாய்வார்கள். நாம் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஏணி ஏறி இறங்கி, வால்வு திறந்து, தெருத்தெருவாகத் திட்டு வாங்கி, கையில் அள்ளி பிளீச்சிங் பவுடரைக் கலக்குகிற மனிதருக்குக் கையுறை கிடையாது, குளோரோஸ்கோப் கிடையாது, மரியாதையான சம்பளம் கிடையாது. அவருக்கு அதைக் கொடுக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்களைத்தான் கேட்கிறோம்.

கேட்டால் கடைசியில் ஒரு பதில் வரும். "காய்ச்சிக் குடிங்க."

காய்ச்சிக் குடிப்பது நல்ல பழக்கம். மழைக்காலத்தில் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது ஒரு அரசின் குடிநீர்க் கொள்கையா? காய்ச்சுகிற கேஸ் யார் காசு? காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். அதனால் கேன். 30 ரூபாய், 40 ரூபாய். அந்தக் கேன் தண்ணீரும் யோக்கியமா? பாட்டில், கேன் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியலில் சேர்த்தது 2024 நவம்பரில் ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமேதான். கொஞ்சம் வசதி இருந்தால் வீட்டுக்கு ஆர்.ஓ. மிஷின், அது கழிவுத் தண்ணீரையும் தள்ளும். வரி கட்டினோம், குழாய்க்கு டெபாசிட் கட்டினோம், மாதக் கட்டணம் கட்டினோம், அதற்கு மேல் மோட்டார், டிரம், சம்ப், கேஸ், கேன், ஆர்.ஓ. எல்லாம் நாமே வாங்கினோம். நல்ல தண்ணீருக்குப் பொறுப்பு என்கிற ஒன்றை அரசாங்கம் சத்தமில்லாமல் நம்ம வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது. கெட்டுப்போகாத தண்ணீர் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. உரிமை என்றால் கொடுக்க வேண்டியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

நமது கோரிக்கை பெரிய பட்ஜெட் கேட்பது இல்லை. வடகரையில், அச்சன்புதூரில், பண்பொழியில், மாவட்டத்தின் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்குக் கீழும் ஒரு கரும்பலகை வையுங்கள். இன்றைய குளோரின் எவ்வளவு, எந்தத் தெருக் கடைசிக் குழாயில் பார்த்தது, தொட்டி கழுவிய தேதி, கடைசி ஆய்வக அறிக்கையின் தேதியும் முடிவும், அடுத்து எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர். சாக்பீஸ் செலவுதான். அதோடு, ஆய்வகத்தில் தண்ணீர் தேறவில்லை என்றால் அந்த அறிக்கை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். வாறுகாலுக்குள் ஓடுகிற பைப்பை முதலில் மாற்றுங்கள். புதுக் குழாய்க்குத் திறப்பு விழா அப்புறம் நடத்திக்கொள்ளலாம்.

செய்வார்களா என்று காத்திருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். உங்க தெருவுக்கு வருகிற தொட்டியின் கடந்த மூன்று மாதக் குளோரின் பதிவேட்டின் நகல், கடந்த இரண்டு ஆய்வக அறிக்கைகளின் நகல். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள், "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். வழக்கமான கெடு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 7(1) பிரிவு சொல்கிறது. தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் படுத்திருக்கிற தெரு என்றால் அந்தப் பிரிவை மனுவில் குறிப்பிட்டு எழுதுங்கள். சந்தேகம் இருக்கிற தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கொடுக்கலாம். கிருமிச் சோதனை என்றால் பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

"அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் கிழித்துப் போடாதீர்கள் அண்ணாச்சி, லேமினேட் பண்ணி வைங்க. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற வேட்பாளர் கையில் அதைக் கொடுத்து, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும். நம்ம கட்சியாக இருந்தாலும்.

#குளோரின்_நோட்டைக்_காட்டு